மெரேத்தாவின் தட்டு

உருளைக்கிழங்குப் பையைத் தூக்கித் தூக்கிப் பழகியதெல்லாம் பிரயோஜனமில்லை என்பது கோபன்ஹேகனில் ரயில் ஏறும்போதே மெரேத்தாவுக்குத் தெரிந்துபோயிற்று. கைப்பையைத் தோளில் மாட்டியதற்கே இடது விலாவுக்குக் கீழே சுருக்கென்று இழுத்தது. பெட்டியை மேல்தட்டில் வைக்க யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் ‘ஏன், என்ன ஆச்சு?’ என்று பதிலுக்கு ஒரு கேள்வி வருமே, அதற்குப் பயம். பெட்டியைக் காலாலேயே தள்ளித் தள்ளி இருக்கைக்கு முன்னால் கொண்டுவந்து, முழங்காலை ஒடுக்கிக்கொண்டு தெற்கு யூட்லாந்தில் இருக்கிற தம்பி ஊர் வரைக்கும் அப்படியே உட்கார்ந்து வந்தாள்.

என்ன ஆச்சு என்றால், மூன்று வாரத்துக்கு முன்னால் அவளுடைய வயிற்றை வெட்டி, ஒரு கோழிமுட்டை கொள்கிற அளவுக்குச் சிறிதாக்கியிருந்தார்கள். உடம்பு குறைய வேண்டுமென்று அவளே கேட்டுக்கொண்டதுதான். வருஷக்கணக்காகக் காத்திருந்தவளுக்குத் திடீரென்று போன் வந்தது: ஓர் இடம் காலியாயிருக்கிறது, வருகிறீர்களா, இல்லை அடுத்த வருஷமா? போனாள். ஈ காக்காய்க்குக்கூடச் சொல்லவில்லை. “உங்களை அழைச்சுட்டுப் போக யார் வருவாங்க?” என்று நர்ஸ் கேட்டபோது, “தம்பி வர்றான்” என்று கூசாமல் சொல்லிவிட்டு, டாக்ஸி பிடித்துத் தனியாக வீட்டுக்கு வந்து, மாடிப்படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். நகரத்தில் பஸ் ஓட்டுகிறவள் அவள். நாளெல்லாம் ஊர்ப்பட்ட ஜனத்துக்குக் கதவைத் திறந்துவிடுகிறவளின் வீட்டுக் கதவைத் தட்ட ஓர் ஆள் கிடையாது. அந்த வாரம் முழுக்க அவள் குரலை அவளே கேட்கவில்லை.

தம்பி எஸ்பென் போன் பண்ணியது அப்போதுதான்.

“அக்கா, ஆஸ்டாவுக்கு ஞானஸ்நானம் வச்சிருக்கோம். நீதான் ஞானத்தாய். கோயில்ல நீதான் அவளைத் தூக்கிட்டு நிக்கணும். வேற யாரையும் நான் நினைச்சுக்கூடப் பாக்கல.”

என்ன சொல்வாள்? அம்மா பாட்டிலைத் திறந்துவைத்துக்கொண்டு அடுக்களை மேசையிலேயே கிடந்த வருஷங்களில், இந்தப் பயலைக் குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளிக்கு அனுப்பியவள் அவள்தான். அவனுக்கு ஒரு குழந்தை. அதை ஊரார் முன்னால் ஏந்தி நிற்கக் கூப்பிடுகிறான். “சரிடா” என்றாள். போனை வைத்த பிறகுதான் டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது: ஒரு பால் பாக்கெட்டுக்கு மேல் எதையும் தூக்கக்கூடாது, தையல் விட்டுப்போகும். ஆஸ்டா கொழுகொழுவென்று ஏழு கிலோ. அதற்கு மேல், தூக்குகிறவளின் முழங்கால் வரை தொங்குகிற ஞானஸ்நான அங்கி வேறு.

அதனால்தான் அந்த உருளைக்கிழங்குப் பை. அடுக்களையிலிருந்து படுக்கையறைக்கு அதைத் தோளில் சாத்திக்கொண்டு நடந்தாள். கோயிலில் பாதிரியார் ஜெபம் சொல்லி முடிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் ஜன்னலோரம் அதோடு நின்று பார்த்தாள். வியர்த்து ஊற்றியது. வலித்தது. வலித்தால் வலிக்கட்டும் சனியன் என்று நினைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கொஞ்ச நேரம் அந்தக் குழந்தை அவள் கையில் இருக்க வேண்டும். வாழ்க்கையில் வேறு எதையும் அவள் இவ்வளவு ஆசையாய்க் கேட்டதில்லை.

சனிக்கிழமை மதியம் ஊர்ச் சமூகக்கூடத்துக்குள் நுழைந்தபோது பெண்கள் எல்லாரும் காபி மேசை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் காபி மேசை என்றால் விளையாட்டுக் காரியமில்லை. மெத்தென்று ஏழு கேக், மொறுமொறுவென்று ஏழு. ஒன்று குறைந்தால் கஞ்சப்பிசினாரி; ஒன்று கூடினால் பீற்றிக்கொள்கிறாள் என்பார்கள். வந்தவர் பதினாலையும் தட்டில் வாங்கியே தீர வேண்டும். ஒன்றை விட்டுவிட்டாலோ, தட்டில் மிச்சம் வைத்தாலோ, அதைச் சுட்டவள் செத்தாலும் மறக்க மாட்டாள். அந்த மேசையில் மெரேத்தாவுக்கு ஒரு பெயர் உண்டு. பதினாலையும் முடித்துவிட்டு இரண்டாம் சுற்றுக்குத் தட்டை நீட்டுகிறவள் அவள். அடுப்படிப் பெண்களெல்லாம் அவள் முகத்தைப் பார்த்துத்தான் தங்கள் கேக் தேறியதா என்று முடிவு பண்ணுவார்கள்.

பத்துக் கிலோ குறைந்திருந்தாள். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

“வாடியம்மா வா! உன்னைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்” என்று மாவுக் கையோடு வந்தாள் குன்ஹில். எஸ்பெனின் மாமியார். ரொட்டி கேக்குக்கு இந்த வட்டாரத்திலேயே அவள்தான் ராணி. கறுப்பு ரொட்டியைப் பொடித்துச் சுட்டு, நடுவே பெர்ரி ஜாமும் மேலே மலைபோல் க்ரீமும் வைப்பாள். “எம் பொண்ணு ரிக்கெ இருக்காளே, கோழி கொத்துற மாதிரி கொத்துவா. அவகிட்ட ருசி கேட்டா விளங்கினாப்லதான். நீ சொல்லு, ஜாம் தூக்கலா இருக்கா?”

ஒரு முழுத் துண்டு தட்டில் வந்து உட்கார்ந்தது.

“இப்பதான் ரயில்ல சாப்பிட்டேன் அத்தை.”

“ரயில்ல சாப்பிட்டாளாம்! நீ ரயிலையே சாப்பிட்டாலும் ஒரு துண்டுக்கு இடமிருக்கும்னு ஊருக்கே தெரியுமேடி.”

கூடமே சிரித்தது. எல்லாருக்கும் முந்தி மெரேத்தாவே சிரித்துவிட்டாள். அப்படித்தான் எப்போதும், நாம் முதலில் சிரித்துவிட்டால் மற்றவர் சிரிப்பு அவ்வளவாக உறைக்காது.

“வயிறு கொஞ்சம் சரியில்ல அத்தை. நாளைக்குச் சாப்பிடுறேனே.”

குன்ஹிலின் முகம் சட்டென்று மாறியது. “ஓகோ. கோபன்ஹேகன் வயிறு. நாட்டுப்புறத்துக் கேக் இறங்காது” என்றாள், பக்கத்தில் கரண்டி துடைத்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து. அவளும் ‘ம்க்கும்’ என்றாள். எல்லாக் கண்ணும் தட்டின்மேல்.

‘எனக்கு ஆபரேஷன் ஆகியிருக்கு’ என்ற மூன்று வார்த்தை போதும். அது தொண்டை வரைக்கும் வந்தது. நாளைக் காலைக்குள் ஊர் முழுக்க அது சிரிப்பாய்ச் சிரிக்கும் என்பதும், அப்புறம் குழந்தையை யார் அவள் கையில் தருவார்கள் என்பதும் கூடவே வந்தன. மெரேத்தா கரண்டியை எடுத்தாள். மூன்று வாரமாகத் தண்ணீர்க் கஞ்சியும் தயிருமாய்க் குடித்த வாயில் அந்த க்ரீம் தேவாமிர்தமாய் இறங்கியது. அதுதான் கொடுமை. கடைசித் துணுக்கு வரை வழித்துச் சாப்பிட்டாள்.

“அப்படி வா வழிக்கு” என்று குன்ஹில் முதுகில் தட்டினாள்.

கொஞ்ச நேரத்துக்கு ஒன்றுமில்லை. பிறகு காது அடைத்தது. உள்ளங்கை வியர்த்தது, நெற்றி வியர்த்தது, முதுகு நனைந்தது. நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது. இனிப்பு சாப்பிட்டால் இப்படியாகும் என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு கோட்டுகள் மாட்டுகிற அறைக்குப் போய், ஈரக் கோட்டுகளுக்குக் கீழே இருந்த பெஞ்சில் சரிந்தாள். கை நடுங்கியது. நாக்கு குழறியது. யாரும் வந்துவிடக்கூடாதே என்று கண்ணை மூடிக்கொண்டாள். யாராவது வரமாட்டார்களா என்றும் இருந்தது.

வந்தது எஸ்பென்.

“அக்கா? என்னக்கா இது?”

“ஒண்ணுமில்ல... கொஞ்சம்... கிறுகிறுன்னு...”

அவன் முன்னால் குந்தி உட்கார்ந்தான். அவளை உற்றுப் பார்த்தான். பிறகு முத்தமிடப் போகிறவன் மாதிரி முகத்தை அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து, மூச்சை மெல்ல இழுத்தான்.

மெரேத்தாவுக்குப் புரிந்துவிட்டது. அந்தச் செய்கையை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். பள்ளிவிட்டு வந்ததும் அம்மாவுக்கு முத்தம் கொடு, மூச்சில் சாராய வாடை வருகிறதா பார், வந்தால் எதிர்த்துப் பேசாமல் என் அறைக்கு வந்துவிடு என்று ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லி வைத்திருந்தாள். அவன் அதை மறக்கவே இல்லை. பட்டினி கிடக்கிற உடம்பு தன் கொழுப்பைத் தானே எரிக்கும்போது மூச்சில் ஒரு புளித்த இனிப்பு வாடை வரும். அதுவும் ஆஸ்பத்திரியில் சொன்னதுதான். எஸ்பெனுக்கு அது தெரிய நியாயமில்லை.

“எப்ப ஆரம்பிச்ச?” என்றான். குரலே மாறியிருந்தது.

“எதை?”

“அப்படியே அம்மா மாதிரியே இருக்க. கை நடுங்குது, வாய் குழறுது, வாடை அடிக்குது. மத்தியானத்துலயே, அக்கா! நீயா? போயும் போயும் நீயா?”

“டேய், இல்லடா...”

“அம்மாவும் இல்லடான்னுதான் சொல்லும்.” எழுந்துவிட்டான். கண் கலங்கியிருந்தது. “நாளைக்கு ஆஸ்டாவை நீ தூக்க வேணாம். எம் பொண்ணை நான் அப்படி ஒருத்தங்க கையில குடுக்க மாட்டேன். அத்தை தூக்கட்டும்.”

“எனக்கு வயித்துல ஆபரேஷன் பண்ணியிருக்காங்க” என்றாள் மெரேத்தா.

அவன் நின்றான். அவள் சட்டையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள். ஒட்டுப்பட்டைகள் இன்னும் இருந்தன. பேச்சு குழறக் குழற எல்லாவற்றையும் சொன்னாள். அவன் மறுபடியும் உட்கார்ந்தான். இந்தத் தடவை பெஞ்சில், பக்கத்தில்.

“ஆஸ்பத்திரியில யாரு கூட இருந்தா?”

“நர்ஸு.”

“வீட்டுக்கு யாரு கூட்டிட்டு வந்தா?”

“டாக்ஸி.”

“நான் செத்தாப் போயிட்டேன்?” என்று கத்தினான். “ஒரு போன் பண்ணா ஓடி வந்திருக்க மாட்டேன்? என்கிட்ட கூடச் சொல்லக்கூடாதா?”

“உன்கிட்டதான்டா சொல்ல முடியல. உன் கல்யாணத்துல இதே கூடத்துல என் நாற்காலி உடைஞ்சுது. அதுலேர்ந்து எங்க போனாலும் எனக்கு மட்டும் ரெண்டு நாற்காலியைச் சேத்துப் போட்டு வைக்கிற. ஊரே பாக்குது. அந்த ரெண்டு நாற்காலியைப் பாக்கும்போதெல்லாம் எனக்குச் செத்துடலாம் போல இருக்கும்.”

“நீ வசதியா உக்காரணும்னுதானே...”

“தெரியும். ஆசையா போடுற. அதனாலதான் ஒண்ணும் சொல்ல முடியல.”

வெளியே குன்ஹில் யாரையோ தட்டு அடுக்கத் தெரியவில்லை என்று வைதுகொண்டிருந்தாள். பிறகு எஸ்பென், அவள் பயந்த கேள்வியைக் கேட்டான்.

“ஆபரேஷன் பண்ண உடம்பு. ஆஸ்டாவைத் தூக்கலாமாக்கா?”

தூக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பான். அவன் முகத்தைப் பார்த்தால், அவள் எதைச் சொன்னாலும் நம்பத் தயாராக இருந்தான். மெரேத்தா தன் கைகளைப் பார்த்தாள். அவை இன்னும் மடியில் நடுங்கிக்கொண்டிருந்தன.

“கூடாது” என்றாள்.

“தெரிஞ்சுமா வந்த?”

“உருளைக்கிழங்குப் பையைத் தூக்கிப் பழகினேன்டா.”

“உருளைக்கிழங்கு!” அவனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கோபம்தான் முந்திக்கொண்டது. “அவ என்ன உருளைக்கிழங்கா? கீழ போட்டிருந்தேன்னா? உன் தையல் பிரிஞ்சு அங்கேயே விழுந்திருந்தேன்னா? என்ன பொம்பளை நீ!” அறையைவிட்டுப் போய்விட்டான். போனவன் திரும்பி வந்து தலையை மட்டும் நீட்டி, “முதுகு புடிச்சுக்கிச்சுன்னு சொல்லிடுறேன். வேற எதுவும் சொல்ல மாட்டேன்” என்றான்.

அன்று சாயங்காலம் அவன் அவளோடு வேறு பேச்சுப் பேசவில்லை. அவன் வீட்டு விருந்தாளி அறையில், தையல் பக்கம் திரும்பாமல் படுத்தபடி மெரேத்தா அழுது தீர்த்தாள்.

ஞாயிறு காலை கோயிலில் குன்ஹில்தான் குழந்தையை ஏந்தி நடந்தாள். நீல உடுப்பும், நாலு தலைமுறைக் குழந்தைகள் போட்ட அந்த நீள வெள்ளை அங்கியும், நிமிர்ந்த தலையுமாய், பார்க்க நன்றாகத்தான் இருந்தாள். வயிறெரிந்தது மெரேத்தாவுக்கு. அதை என்ன ஒளிக்க? அவளுக்கு மிஞ்சியது குல்லா. தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் குழந்தையின் தலைக்குல்லாவைக் கழற்றிப் பிடித்துக்கொள்வது இரண்டாவது ஞானத்தாயின் வேலை. பிள்ளையைத் தூக்கக் கொடுக்காதவர்களுக்கு மரியாதைக்குக் கொடுக்கிற வேலை. நாடாவின் முடிச்சு சிக்கிக்கொண்டது. குனிந்து அவிழ்த்தபோது ஆஸ்டா அவள் மூக்கைப் பார்த்துச் சிரித்தது. மூன்று கை தண்ணீர் ஊற்றினார் பாதிரியார். குழந்தை வீறிட்டது. குன்ஹில் அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள். மெரேத்தாவின் கையில் குல்லா இருந்தது, தலையின் சூடு இன்னும் ஆறாமல். அதை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

சமூகக்கூடத்துக்குள் நுழைந்ததும் அவள் முதலில் பார்த்தது அந்த இரண்டு நாற்காலிகளைத்தான். ஓரத்து மேசையில், ஒட்டிப் போட்டபடி. நேற்று அவ்வளவு சொல்லியும்! மெரேத்தாவுக்குத் திரும்பி நேரே ரயிலடிக்கே போய்விடலாமா என்றிருந்தது. போகவில்லை. முதல் நாற்காலியில் மட்டும் உட்கார்ந்தாள். உடம்பை ஒடுக்கிக்கொண்டால் கொண்டது, இரண்டு பக்கமும் கொஞ்சம் வழிந்தாலும். நாற்காலி முனகியது, தாங்கியது. பக்கத்து நாற்காலி காலியாகக் கிடந்தது. எதிரே இருந்தவர்கள் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

குன்ஹில் மட்டும் வந்தாள். “முதுகு வலின்னா என்ன, வாய்க்கு வலியில்லையே” என்று தன் கையாலேயே ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள். ரொட்டி கேக், ஆப்பிள் கேக், ஏலக்காய் பன், வெண்ணெய் வளையம், பெயரே தெரியாத மெல்லிய பிஸ்கட்டுகள். தட்டு கோபுரமாய் நின்றது. “நேத்து மாதிரி மூஞ்சியைச் சுளிச்ச, தெரியும் சேதி. காபி ஊத்திட்டு வந்து தட்டைப் பாப்பேன்.”

மெரேத்தா தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதில் கால்வாசி உள்ளே போனாலும் மறுபடியும் அந்தப் பெஞ்சுதான். மடியில் குல்லாவை விரலால் மடித்து மடித்துப் பிரித்தாள்.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. எஸ்பென். பெண்டாட்டி பிள்ளையோடு தலைமேசையில் இருக்க வேண்டியவன், கையில் காலித் தட்டோடு வந்து, அவளுடைய இரண்டாவது நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

“இங்க என்னடா பண்ற? ரிக்கெ தேடப் போறா.”

“தேடட்டும். நேத்தே சொல்லிட்டேன், இது என் நாற்காலின்னு.” அவளைப் பார்க்காமல் குன்ஹிலின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் இன்னும் தீரவில்லை, குரலில் இருந்தது. “அந்தக் காலத்துல பெரியம்மா வீட்டுல என் தட்டை நீ என்ன பண்ணுவ?”

மெரேத்தாவுக்கு மறக்குமா? மூன்று கேக்குக்கே அவனுக்குக் குமட்டிவிடும். மிச்சம் வைத்தால் குடிகாரி பெற்ற பிள்ளைக்கு மரியாதை தெரியவில்லை என்று பெரியம்மா பேசுவாள். அதனால், காபி ஊற்ற அவள் திரும்புகிற நேரம் பார்த்து, அக்காவின் காலித் தட்டு இந்தப் பக்கமும் தம்பியின் நிறைந்த தட்டு அந்தப் பக்கமுமாய் மாறிவிடும். அவனுக்காக அவள் எத்தனை தட்டு தின்றாளோ, யார் கண்டது.

குன்ஹில் காபிக் கெண்டியோடு அடுத்த மேசைக்குக் குனிந்தாள். தட்டுகள் மாறின.

எஸ்பென் குனிந்து சாப்பிடத் தொடங்கினான். ரசித்தெல்லாம் சாப்பிடவில்லை. கடன் தீர்ப்பவனைப் போல வாயில் போட்டு, மென்று, விழுங்கினான். ஆறாவதில் முகம் வெளுத்தது. பத்தாவதில் இடுப்பு வாரைத் தளர்த்தினான்.

“போதும்டா. உனக்கு ரொட்டி கேக் ஆகவே ஆகாதே.”

“பேசாம சிரி. அத்தை பாக்குறாங்க.”

அவள் சிரித்தாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, குல்லாவின் நாடாவால் துடைத்துக்கொண்டாள். நாற்காலி உடைந்த அந்தக் கல்யாண நாளிலிருந்து எத்தனையோ விருந்து ஆகிவிட்டது. அந்த இரண்டாவது நாற்காலியில் இதுவரை ஒருத்தரும் வந்து உட்கார்ந்ததில்லை.

குன்ஹில் வந்து நின்றாள். மெரேத்தாவின் முன்னால் துடைத்து வைத்தது போன்ற தட்டு. கிழவியின் முகம் மலர்ந்துவிட்டது.

“இதான் எங்க மெரேத்தா! நேத்து என்னமோன்னு பயந்தே போயிட்டேன்டி. இன்னொரு சுத்து வைக்கட்டுமா?”

மெரேத்தா வாயைத் திறப்பதற்குள் எஸ்பென் முந்திக்கொண்டான்.

“வைங்க அத்தை” என்றான், வாயில் கேக்கோடு. “அக்காவுக்கு நல்லா வைங்க.”